வாங்கும் மனமும் விற்கும் விஞ்ஞானமும்

ஒரு பொருளை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். "நல்ல சாமான்" என்போம். "விலை பரவாயில்லை" என்போம். "எப்போதும் வாங்குவதுதான்" என்போம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பதில் முழுமையானது தானா என்ற ஐயம் வியாபார நிறுவனங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. மக்களிடம் கேட்டு எழுதிய விபரத்தை நம்பிப் பொருளைச் செய்து, பின்னர் அது விலைப்படாமல் நட்டமடைந்த கம்பனிகள் பல. ஆகவே வாயைக் கேட்பதோடு நில்லாமல் மூளையையும் பார்க்கத் தொடங்கினார்கள். நரம்பியல் சந்தைப்படுத்தல் என்ற பெயர் 2002ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது.

இது எங்கோ தூர தேசத்து ஆராய்ச்சிதானே, எமக்கு என்ன என்று எண்ணலாம். சொந்தக் காணியில் இருந்து பயிர் செய்தபோது, ஒரு பிழையான செலவை அடுத்த போகம் ஈடு செய்து விடும். காணியை விட்டு வந்து, கூலியிலும் உதவிப் பணத்திலும் காலம் கழிக்கும் குடும்பத்துக்கு அந்த ஈடு இல்லை. கையில் உள்ள சிறு தொகை பிழையான இடத்தில் போனால் போனதுதான். எனவே வாங்கும் வேளையில் எமது தலைக்குள் என்ன நடக்கிறது என்று விற்பவர் அறிந்து வைத்திருப்பதை நாமும் அறிந்து கொள்வது நல்லது.

1. மூளையை எப்படிப் பார்க்கிறார்கள்?

மூளை எமது உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே. ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக் கொள்கிறது. மூளையின் ஓர் இடம் கூடுதலாக வேலை செய்யும்போது அவ்விடத்துக்கு ஒட்சிசன் நிறைந்த குருதி கூடுதலாகப் பாய்கிறது. வாய்க்காலில் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பப்படுகிறது என்று பார்த்தால், எந்தப் பயிருக்கு இப்போது இறைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதைப் போன்றதே இது.

ஒட்சிசன் உள்ள குருதியும் ஒட்சிசன் இழந்த குருதியும் காந்தத்துக்கு வேறு வேறு விதமாக நடந்து கொள்கின்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டு மூளையின் வேலையைப் படமாக்கலாம் என்று, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் அவரது குழுவினரும் 1990இல் காட்டினார்கள். இன்று பெரிய வைத்தியசாலைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரங்களே இதற்கும் பயன்படுகின்றன. பரிசோதனைக்கு வருபவர் அதன் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க, பொருட்களின் படங்கள் அவருக்குக் காட்டப்படும்.

மற்றொரு வழி பழையது. தலையில் சிறு மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. ஜேர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். இது செலவு குறைந்தது. இவற்றோடு கண் எங்கே பார்க்கிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது, இதயம் எப்படித் துடிக்கிறது என்பவற்றையும் அளக்கிறார்கள்.

2. பெயர் செய்யும் வேலை

கொக்கா கோலா, பெப்சி என்னும் இரு பானங்களை எல்லோரும் அறிவர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இனிப்புத் தண்ணீர். 1975இல் பெப்சி கம்பனி ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. பெயரை மறைத்து இரண்டையும் குடிக்கக் கொடுத்து எது நல்லது என்று கேட்டது. பலர் பெப்சியைச் சொன்னார்கள். ஆனாலும் கடையில் கொக்கா கோலாவே கூடுதலாக விற்பனையானது. ஏன்?

அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் உள்ள பேலர் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 67 பேரை வைத்து இதனை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பெயர் தெரியாமல் குடித்தபோது இரு பானங்களுக்கும் விருப்பம் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்தது. அடுத்ததாக ஒரு சூழ்ச்சி செய்தார்கள். இரண்டு கிண்ணங்களிலும் கொக்கா கோலாவையே ஊற்றி, ஒன்றில் மட்டும் பெயரை ஒட்டினார்கள். மற்றதில் எதுவும் இருக்கலாம் என்று சொன்னார்கள். பெயர் ஒட்டிய கிண்ணத்தையே பலர் நல்லது என்றனர். உள்ளே இருந்ததோ ஒரே பானம். பெப்சியை வைத்து இப்படியே செய்தபோது பெயரால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

பின்னர் அவர்கள் இயந்திரத்துள் படுத்தபடி குழாய் மூலம் பானத்தை உறிஞ்சினார்கள். பெயர் தெரியாதபோது, நெற்றிக்குப் பின்னால் சுவையின் இனிமையை மதிப்பிடும் ஒரு பகுதி வேலை செய்தது. கொக்கா கோலாவின் படத்தைக் காட்டிய பின் கொடுத்தபோது, நினைவைக் காக்கும் பகுதியும் சேர்ந்து வேலை செய்தது. அதாவது நாக்கு ஒரு பானத்தைச் சுவைக்க, மனம் பல வருட விளம்பரத்தைச் சுவைத்தது.

இதனை உறுதிப்படுத்தும் வேறோர் ஆய்வு 2008இல் வந்தது. மூளையின் முன்பகுதியில், நெற்றிக்குப் பின்னால் கீழ்ப்புறமாகச் சேதமடைந்த நோயாளர்களைச் சோதித்தார்கள். மற்றவர்கள் பெயரைக் கண்டதும் கொக்கா கோலாவின் பக்கம் சாய்ந்தார்கள். இந்த நோயாளர்களோ அப்படி மாறவில்லை. பெயரின் பிடி மூளையின் ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

3. விலையும் சுவையாகிறது

விலை கூடினால் பொருள் நல்லதாக இருக்கும் என்று நாமும் எண்ணுவதுண்டு. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. 20 பேருக்கு முந்திரிகை மதுவைச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஐந்து வகை மது, ஐந்து விலை என்று சொன்னார்கள். உண்மையில் இருந்தவை மூன்று வகைதான். 5 டொலர் மதுவை ஒரு தடவை 5 டொலர் என்றும், மறு தடவை 45 டொலர் என்றும் கூறினார்கள். 90 டொலர் மதுவை ஒரு தடவை அதே விலைக்கும், மறு தடவை 10 டொலருக்கும் காட்டினார்கள்.

கூடிய விலை சொன்னபோது அதே மது கூடுதலாகச் சுவைக்கிறது என்றார்கள். அவர்கள் பெருமைக்காக அப்படிச் சொன்னார்களா? மூளையின் படம் அப்படிக் காட்டவில்லை. இன்பத்தை மதிப்பிடும் பகுதி உண்மையாகவே கூடுதலாக வேலை செய்தது. ஆனால் நாக்கிலிருந்து வரும் சுவைச் செய்தியை முதலில் ஏற்கும் பகுதிகளில் மாற்றம் காணப்படவில்லை. மதுவில் மாற்றமில்லை, நாக்கில் மாற்றமில்லை, விலைச் சீட்டு மட்டுமே இன்பத்தைக் கூட்டியது.

இந்தப் பாடம் விவசாயிக்கு நேரடியாகப் பொருந்தும். கிருமிநாசினி வாங்கும்போது போத்தலின் படமும், பெயரும், கூடிய விலையும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் பூச்சியைக் கொல்வது அந்தப் பெயர் அல்ல; உள்ளே இருக்கும் இரசாயனம். ஒரே இரசாயனம் பல பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவது உண்டு. சிறிய எழுத்தில் உள்ள அந்த இரசாயனத்தின் பெயரையும் அளவையும் வாசிப்பதே வாங்குபவரின் பாதுகாப்பு.

4. விருப்பமும் வலியும்

2007இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சன் என்பவரும் அவரது சக ஆய்வாளர்களும் 26 பேரை இயந்திரத்துள் வைத்தே பொருள் வாங்கச் செய்தார்கள். முதலில் பொருளின் படம். சில விநாடிகளில் அதன் விலை. பின்னர் வாங்குவதா விடுவதா என்ற முடிவு. செலவழிக்கப் பணமும் கொடுத்தார்கள்.

பிடித்த பொருளைக் கண்டபோது, மூளையின் ஆழத்தில் உள்ள நியூக்கிளியஸ் அக்கும்பன்ஸ் என்ற சிறு பகுதி விழித்தது. நன்மை வரப் போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் பகுதி இது. விலை மிகை என்று பட்டபோது இன்சுலா என்ற பகுதி விழித்தது. உடல் வலி, அருவருப்பு போன்ற வேண்டாத உணர்வுகளின்போது வேலை செய்யும் பகுதி இது. அதாவது காசைக் கொடுப்பது மூளைக்கு ஒரு சிறு வலி போன்றது. விருப்பம் வலியை வென்றால் வாங்குகிறோம். வலி வென்றால் விட்டு விடுகிறோம்.

இதை அறிந்து கொண்டால் விற்பனையின் பல தந்திரங்கள் விளங்கும். விருப்பத்தைக் கூட்டுவது ஒரு வழி. வலியைக் குறைப்பது மறு வழி. தவணை, கடன் அட்டை, "இப்போது எடுங்கள், பிறகு கட்டுங்கள்" என்பவை எல்லாம் காசு கையை விட்டுப் போகும் நொடியைத் தள்ளி வைக்கின்றன. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விளையாட்டுப் போட்டியின் நுழைவுச் சீட்டுகளுக்கு மாணவர்கள் ஏலம் கேட்டார்கள். கடன் அட்டையால் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், காசாகக் கட்ட வேண்டியவர்களை விட ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். 2021இல் வெளியான மூளை ஆய்வு ஒன்று, கடன் அட்டை வலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை, விருப்பத்தின் பகுதியையே தூண்டி விடுகிறது என்று காட்டியது. வண்டியின் பிரேக்கைத் தளர்த்துவது ஒன்று. வேகத்தைக் கூட்டுவது வேறொன்று. இங்கே நடப்பது இரண்டாவது.

5. கம்பனிகள் இதை எப்படிப் பயன்படுத்துகின்றன?

கம்பெல் என்பது தகரத்தில் அடைத்த சூப் விற்கும் அமெரிக்கக் கம்பனி. வாங்குபவர்களின் தோல், இதயத் துடிப்பு, கண்ணின் அசைவு ஆகியவற்றை ஆராய்ந்து, 2010இல் தனது லேபலை மாற்றுவதாக அறிவித்தது. படத்தில் இருந்த கரண்டி நீக்கப்பட்டது. கிண்ணத்திலிருந்து சூடான ஆவி எழுவது போலப் படம் அமைக்கப்பட்டது. சூப்பை மாற்றவில்லை, அதைப் பார்க்கும்போது எழும் உணர்வை மாற்ற முயன்றார்கள். 2011இல் நீல்சன் என்ற பெரிய சந்தை ஆய்வு நிறுவனம், மூளை அலைகளை அளக்கும் ஒரு நிறுவனத்தை முழுமையாக வாங்கியது. அதன்பின் இது பெரு வியாபாரத்தின் வழமையான கருவிகளில் ஒன்றாயிற்று.

இக்கருவி நன்மைக்கும் உதவும் என்பதைச் சொல்ல வேண்டும். புகைப்பதை விட விரும்பிய 30 பேரளவில் வைத்து நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. புகைத்தலை நிறுத்த உதவும் தொலைபேசி இலக்கத்தை அறிவிக்கும் மூன்று தொலைக்காட்சி விளம்பரங்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. அவர்கள் தமது வாயால் கடைசியாக மதிப்பிட்ட விளம்பரத்துக்கே மூளையின் ஒரு பகுதி கூடுதலாக விழித்தது. அந்த விளம்பரம் ஒளிபரப்பான இடங்களில்தான் உதவி கேட்டு வந்த அழைப்புகள் மிகவும் கூடின. வாய் சொன்னது தவறியது. மூளை காட்டியது பலித்தது.

6. இந்த விஞ்ஞானத்தின் எல்லை

எனினும், எமது மனத்தை முழுவதும் வாசிக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. நட்சனின் ஆய்வில் மூளையை மட்டும் பார்த்துச் செய்த கணிப்பு ஏறத்தாழ 60 வீதமே சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வீதம் சரியாகும். மேலும் மூளையின் ஒரே பகுதி பல வேலைகளைச் செய்கிறது. இன்சுலா விழித்தால் வலி என்று உடனே முடிவு செய்ய முடியாது.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சல்மன் மீன் ஒன்றை இயந்திரத்தில் வைத்து, மனிதரின் படங்களை அதற்குக் காட்டினார்கள். கணக்குகளைத் தகுந்தபடி திருத்தாமல் பார்த்தபோது, செத்த மீனின் மூளையும் வேலை செய்வதாகப் படம் வந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் அளக்கும்போது சில புள்ளிகள் தற்செயலாகவே ஒளிரும். கவனமில்லாத ஆய்வு எதையும் நிரூபித்து விடும் என்பதைக் காட்டவே இதைச் செய்தார்கள். எனவே "மூளை ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லே ஒரு விளம்பரமாக வரும்போது அதையும் நாம் சந்தேகிக்க வேண்டும்.

சட்டமும் இதில் தலையிடத் தொடங்கியுள்ளது. பிரான்ஸ் நாடு 2011இல் மூளைப் படம் எடுக்கும் முறைகளை மருத்துவம், விஞ்ஞான ஆராய்ச்சி, நீதிமன்றத் தேவை என்பவற்றுக்குள் மட்டுப்படுத்தியது. சிலி நாடு 2021இல் மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்கும் வாசகத்தைத் தனது அரசியலமைப்பில் சேர்த்தது.

7. கவலை நிறைந்த மனம்

இதுவரை சொன்ன ஆய்வுகள் வசதியுள்ள நாடுகளில் நடந்தவை. பணமுடை உள்ளவரின் சிந்தனையை ஆராய்ந்த ஒன்று தமிழ்நாட்டில் நடந்து 2013இல் வெளிவந்தது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்புச் செய்கையாளர்களிடம், அறுவடைக்கு முன் ஒரு முறையும் அறுவடைக்குப் பின் ஒரு முறையும் சிந்தனைப் புதிர்களைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் அவர்கள் கடனோடும் அடகோடும் இருந்தார்கள். பின்னர் கையில் பணம் இருந்தது. அதே மனிதர்கள் பண முடையின்போது தாமதமாகவும் கூடிய பிழைகளோடும் விடையளித்தார்கள். அவர்களின் அறிவு குறையவில்லை. கவலை மனதின் ஒரு பகுதியை எடுத்துக் கொண்டதால் மிச்சத்தில் சிந்திக்க வேண்டியிருந்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

எல்லா ஆய்வும் இதை ஒப்பவில்லை. 2016இல் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, சிந்தனைத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சம்பளத்துக்கு முன், பின்னர் கிடைக்கும் கூடிய தொகையை விட உடனே கிடைக்கும் காசை விரும்பும் போக்கு கூடியிருந்தது. ஆகையால் அவசரத்திலும் கவலையிலும் எடுக்கும் பண முடிவைக் குறித்து நாம் கூடிய கவனம் கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெளிவு. இடம்பெயர்ந்த குடும்பம் அவசரத்தில் ஏமாந்தால் அதை அறியாமை என்று எவரும் பழிக்கக் கூடாது.

8. நாம் செய்யக் கூடியவை

விற்பவர் வலியைக் குறைக்கிறார் என்றால், வாங்குபவர் அந்த வலியைத் திரும்ப வரவழைத்துக் கொள்ள வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள்:

• விலையை உழைப்பில் எண்ணுங்கள். "இது எத்தனை நாட் கூலி? எத்தனை கிலோ நெல்?" என்று கேளுங்கள்.

• தவணையைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, கைக்காசுக்கு 60,000 ரூபா விலையுள்ள ஒரு பொருள் மாதம் 3,500 ரூபாவாக 24 மாதங்களுக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். 3,500ஐ 24ஆல் பெருக்கினால் 84,000. மேலதிகமாகப் போவது 24,000 ரூபா. மாதக் கணக்கு வலிக்காது. மொத்தக் கணக்கு வலிக்கும். மொத்தத்தையே பாருங்கள்.

• இயன்றவரை காசை எண்ணிக் கொடுங்கள். வீட்டிலேயே பட்டியல் எழுதிக் கொண்டு போங்கள்.

• பெரிய பொருளுக்கு ஓர் இரவு தவணை கேளுங்கள். "இன்று மட்டும்" என்ற சொல் எமது யோசனையைத் தடுக்கவே சொல்லப்படுகிறது.

• கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்யுங்கள். ஒருவர் விருப்பத்தில் இருக்கும்போது மற்றவர் கணக்கைப் பார்க்கலாம்.

நாமும் மிளகாய்த் தூள், அரிசி மா, மரக்கறி விற்பவர்கள்தான். சுத்தமான பொதியும், ஒழுங்கான நிறையும், எப்போதும் ஒரே பெயரும் வாங்குபவரின் நினைவில் பதியும். உள்ளே இருப்பதும் வெளியே சொல்வதும் ஒன்றாக இருக்கும்வரை இதில் தவறில்லை.

9. குழுவாகச் செய்து பார்க்க

இரண்டு வகைத் தேயிலை வாங்குங்கள். ஒன்று பேர்பெற்ற பைக்கற். மற்றது விலை குறைந்த உதிரித் தேயிலை. ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம் ஊற விடுங்கள். ஒரே மாதிரியான கிண்ணங்களில் ஒருவர் மறைவாக ஊற்றி அ, ஆ என்று அடையாளமிட்டு, எது எது என்று எழுதி வைக்கட்டும். விபரம் தெரியாத வேறொருவர் பரிமாறட்டும். ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொல்லாமல் தமது விருப்பத்தைத் தாளில் எழுதட்டும். பின்னர் பைக்கற்றுகளைக் காட்டி மறுபடியும் சுவைத்து எழுதுங்கள். இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். பேர்பெற்ற தேயிலையே உண்மையில் நல்லதாக இருக்கவும் கூடும். அப்படியானால் அதையும் நாக்கால் அறிந்து கொள்கிறோம்.

கலந்துரையாட வினாக்கள்

1. கடந்த மாதம் எமது வீட்டில் பெயருக்காக வாங்கிய பொருள் எது? தேவைக்காக வாங்கியது எது?

2. தவணைக்கு எடுத்த பொருளின் மொத்த விலை வாங்கும்போதே எமக்குத் தெரிந்திருந்ததா?

3. சிறுவர்கள் கேட்கும் இனிப்பு, பானம் என்பவற்றை அவர்கள் எங்கே கண்டு கேட்கிறார்கள்?

4. பணமுடை மிகுந்த நாட்களில் கடன் முடிவுகளை எடுக்காமல் இருக்க, எமது குழு ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம்?